எதிர்வீட்டுக் கதவு



கோடைக்கு ஏற்ற பானகம், நீர்மோர் வகைகளைப் பற்றி இந்த முறை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தை மாதம் கடலூருக்குப் போய்வந்தது முதல் ஒரு விஷயம் மனசிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடம் சொல்லிவிட்டால்தான் எனக்கு வேறு வேலை ஓடும்.

என் அண்ணன் மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறாள். அவள் கணவருக்கு சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சென்ற ஐப்பசியில் குழந்தைக்குப் பதினான்கு மாதம். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், எதிர்வீட்டில் இருப்பது யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "விடியக்காலை நாலு மணிக்கே கதவு திறக்கிற சத்தம் கேட்கும் அத்தை. அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

படித்த பெண், நல்ல பெண். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையும் கையுமாக நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கிறவளுக்குச் செல்போன்தான் துணை. அதில் இளம் தாய்மார்கள் குழு ஒன்று. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை இருநூறு பேருக்கு மேல் உறுப்பினர்கள். குழந்தைக்கு எப்போது ராகிக் கூழ் கொடுக்கலாம், பல் முளைக்கும்போது பேதி ஆகுமா, எல்லாவற்றுக்கும் அங்கேதான் கேள்வி, அங்கேதான் பதில். "எனக்கு இருநூறு அக்கா தங்கச்சி இருக்காங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

கணவருக்கு இரவு ஷிப்ட் இருந்த ஒரு நாள், சாயங்காலத்திலிருந்தே குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறாள். நடுராத்திரியில் குழந்தை உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. கண் மேலே சொருகிவிட்டது, வாயில் நுரை. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கையில் இருந்த போனில் முதலில் அந்தக் குழுவுக்குத்தான் எழுதினாளாம். அந்த நேரத்திலும் விழித்திருந்தவர்கள் பதில் போட்டார்கள். கும்பிடுகிற கைப் படங்கள் வந்தன. ஒருத்தி வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வை என்றாள். ஒருத்தி தன் குழந்தைக்கும் இப்படி வந்தது, பயப்படாதே என்று நீளமாக எழுத ஆரம்பித்தாள். அத்தனையும் அன்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படித்துக்கொண்டிருக்க அவளுக்குக் கண் எங்கே இருந்தது? போனைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து கத்தியிருக்கிறாள்.

எதிர்க்கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர். நாலு மணிக் கதவுச் சத்தத்தின் காரணம் அதுதான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணியா பொண்ணு?"

பண்ணவில்லை! கையிலேயே போன் இருந்தும் 108 நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மாள் சொல்லித்தான் அடித்தாள். அதற்குள் அவர் குழந்தையைத் தரையில் பாயில் கிடத்தி, அலமாரிச் சாவியை எடுத்துக் குழந்தையின் கையில் திணித்திருக்கிறார். வண்டி வந்தபோது உடனேயே ஏறிக்கொண்டார். வீட்டைப் பூட்டியது அவர், மாற்றுத் துணியும் பால் புட்டியும் எடுத்தது அவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை இவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர். அன்றைக்கு இட்லிக் கடை திறக்கவில்லை.

குழந்தை இப்போது நன்றாக இருக்கிறான்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, தாய்மார்களுக்கு அவசியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது. பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாதாரணமாக மூளைக்கும் கெடுதல் செய்யாது. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நுரையும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்துங்கள். கை காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலும், மறுபடி வந்தாலும், மூச்சு சரியில்லை என்றாலும் உடனே 108. முதல் தடவை வலிப்பு என்றால் சீக்கிரமே நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இரும்புச் சாவியால் வலிப்பு நிற்காது. மூக்கில் வெங்காயம் பிழிந்தால் புரைக்கேறும் ஆபத்து வேறு. ஆக, அந்த அம்மாளுக்கும் சரியான முதலுதவி தெரிந்திருக்கவில்லை, குழுவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அறிவில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் எழுந்து வந்தார். போனிலும் அன்று உண்மையில் உதவியது 108 என்ற அந்த மூன்று எண்தான். அதை நினைவுபடுத்தவும் பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டியிருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர்கள் அனுபவிக்காத இயற்கைச் சீற்றமா! 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. செல்போன் சார்ஜ் இல்லாமல் கைக்கு ஒரு கட்டையாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, தெருவே பணம் போட்டு, வீட்டுக்கு இவ்வளவு குடம் என்று பங்கிட்டுக்கொண்ட கதையை என் அண்ணி இன்றும் சொல்வாள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் அப்படித்தான். கீழ்வீட்டுக்காரர்கள் மேல்வீட்டில் தங்கினார்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம், பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையைக் கண்டால் எனக்கு 2004 டிசம்பர் 26 ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், கிள்ளை, பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோரம் முழுக்கக் கடல் ஏறிவந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று வீடிழந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார்கள். அரசாங்கத்து லாரிகளும் வெளியூர் நிவாரணமும் பிறகு வந்தன. முதலில் வந்தது பக்கத்து ஊர்க்காரனின் சோறு.

இதையே ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ச்சி செய்திருக்கிறார். டேனியல் ஆல்ட்ரிச் என்று பெயர். 2005-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் அழித்தபோது அவர் குடும்பமும் வீடு வாசலை இழந்தது. அதன்பிறகு, அழிந்த ஊர்களில் சில மட்டும் சீக்கிரம் எழுந்து நிற்பது ஏன் என்று தேடிக்கொண்டு போனார். ஜப்பானுக்குப் போனார், நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் வந்தார். 2012-ல் அதைப் புத்தகமாக எழுதினார். ஊரில் எவ்வளவு பணம் இருந்தது, எவ்வளவு சேதம் ஆனது என்பதைவிட, மனிதர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு பழக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் அதிகம் கணக்கில் வந்தது என்கிறார். நம் மீனவ ஊர்களிலும், ஊர்ப் பஞ்சாயத்து கட்டுக்கோப்பாக இருந்த இடங்களுக்கு உதவி சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் எழுதுவது பாதி உண்மையாகிவிடும். பஞ்சாயத்து போட்ட பட்டியலில் சில பெயர்கள் இல்லை. ஆண் துணையில்லாத விதவைகள், தலித் குடும்பங்கள், முஸ்லிம்கள், ஊருக்கு வரி கட்டாதவர்கள். ஊர் கட்டுக்கோப்பாக இருந்த அளவுக்கு இவர்களுக்குக் கதவும் இறுக்கமாகச் சாத்தியிருந்தது.

இதைப் படித்தபோது எங்கள் வடக்கு வீதிப் பக்கத்துப் பழைய திண்ணைகள் நினைவுக்கு வந்தன. திண்ணை என்றாலே இப்போது எல்லோரும் தேன் வடிய எழுதுகிறார்கள். நான் அந்தத் திண்ணையில் வளர்ந்தவள். அங்கே உளுந்து உடைப்பதும், பிரசவத்துக்குத் துணை போக ஆள் பேசி வைப்பதும், அப்பளக் கணக்கும் உண்டு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன மருமகளின் வயிற்றைப் பற்றி அவள் காதுபடப் பேசுவதும் அங்கேதான். யாரை மேலே உட்கார வைக்கலாம், யாரைப் படிக்குக் கீழேயே நிறுத்த வேண்டும் என்ற கணக்கும் அங்கே இருந்தது. அந்த வாய்க்குப் பயந்துதானே இன்றைக்குப் பல பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள் போய்விட்டார்கள்? போனில் பிடிக்காதவளை ஒரு தட்டில் விலக்கிவிடலாம். மனசில் உள்ளதைப் பெயர் தெரியாத ஒருத்தியிடம் அழுது தீர்க்கலாம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வை மாமியாரிடமும் சொல்ல முடியாமல், கணவரிடமும் சொல்ல முடியாமல், அந்தக் குழுவில் முதன்முதலாகச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அதனால் போனைத் தூக்கிக் கெடிலத்தில் போடு என்று நான் எழுதப்போவதில்லை.

ஒரேயொரு இடத்தில் மட்டும் நான் கண்டிப்புக்காரிதான். அது குழந்தை விஷயம்.

என் அண்ணன் மகள் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதே செல்போன் பாட்டைக் காட்டித்தான். படம் ஓடும், வாய் திறக்கும், சோறு உள்ளே போகும். "பாட்டுலேயே ஏ பி சி டி எல்லாம் கத்துக்குவான் அத்தை" என்பாள். கற்றுக்கொள்வானா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பேட்ரீஷியா கூல் என்ற விஞ்ஞானி 2003-ல் ஒரு சோதனை செய்தார். ஒன்பது மாதக் குழந்தைகள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்தவை. அவற்றில் ஒரு பகுதியினருக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். சுமார் 25 நிமிஷம் வீதம் பன்னிரண்டு நாள், அவ்வளவே. முடிவில் அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாடுகளை, அந்த மொழியிலேயே பிறந்து வளரும் குழந்தைகள் மாதிரிப் பிரித்தறிந்தன! இன்னொரு பகுதியினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் டெலிவிஷன் திரையில். அவர்கள் ஒன்றுமே கற்கவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிறகு 2018-ல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த செய்தி. திரையைத் தனியாகப் பார்த்த குழந்தையைவிட, பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்து பார்த்தது நன்றாகக் கற்றதாம். பிஞ்சுக்குக்கூடப் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் திரையும் வேண்டாம், வெளியூரில் இருக்கிற தாத்தா பாட்டியோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவது மட்டும் பரவாயில்லை என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது.

"அப்போ நான் எப்படிச் சமைக்கிறது, துவைக்கிறது? நீங்க வந்து வெச்சுக்குவீங்களா?" என்று அவள் என்னிடம் பொரிந்தாள். நியாயமான கேள்வி. இதற்கு ஆராய்ச்சிக்காரர்களும் பதில் சொல்வதில்லை, அகாடமியும் சொல்வதில்லை. தனியாக இருக்கிற பெண்ணிடம் குழந்தைக்குப் போன் காட்டாதே என்று மட்டும் சொன்னால் அது உபதேசம். குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு இடுப்பு வேண்டும். அந்த இடுப்பு எதிர்வீட்டில்தான் இருக்கிறது. குழந்தைக்காகவே சொல்கிறேன், கதவைத் திறங்கள்.

எப்படித் திறப்பது என்று வெட்கப்படுகிறவர்களுக்கு என் அம்மா சொன்ன வழி ஒன்று உண்டு. முதலில் எதையும் கொடுக்காதே, கேள். புதிதாகக் குடிவந்தவள் ஒரு தட்டு நிறைய பலகாரம் கொண்டுபோனால் எதிராளிக்குக் கடன் சுமை. "ஒரு கொத்து கறிவேப்பிலை இருக்குமா அக்கா?" என்று கேட்டால் அவளுக்குப் பெருமை. நாளைக்கு அவள் உறைமோர் கேட்க வருவாள். இப்படித்தான் தொடங்கும். காலையில் கோலம் போடுகிற நேரத்தை ஐந்து நிமிஷம் நீட்டிப் பாருங்கள். வாசல் இல்லாத மாடி வீடானால் துணி உலர்த்தும் மொட்டைமாடி. அங்கன்வாடியில் எடை போடும் நாளைத் தவறவிடாதீர்கள். எடையைவிட, அங்கே இருபது தாய்மார்களை நேரில் பார்க்கலாம் என்பதற்காகவாவது போங்கள். சிதம்பரத்தில் எங்களுக்கு இன்னும் அந்தக் கொடுப்பினை இருக்கிறது. சாயரட்சைக்குப் பிறகு நடராஜர் கோயில் வெளிப்பிராகாரத்தில் குழந்தைகளை ஓடவிட்டு உட்கார்ந்தால், பேச யாராவது கிடைப்பார்கள்.

போனில் உள்ள அந்த இருநூறு பேரில் கடலூரிலேயே இருப்பவர்கள் யார் என்று கேட்டுப் பார் என்றேன். கேட்டாள். ஒன்பது பேர்! அதில் ஒருத்தி இரண்டு தெரு தள்ளி. ஒரு வருஷமாக ஒருவர் குழந்தையின் பல்லைப் பற்றி மற்றவர் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நான்கைந்து பேர் குழந்தைகளோடு சில்வர் பீச்சில் கூடுகிறார்கள். சில வாரம் யாரும் வருவதில்லை, சில வாரம் இரண்டு குழந்தைகள் மண்ணை வாரிப் போட்டு அம்மாக்களுக்குள் மனஸ்தாபம். முதல் மாதமே ஒருத்தி கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நேரில் பழகுவதென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். போனில்போலத் தட்டி விலக்க முடியாது, போய்ச் சமாதானம் பேசத்தான் வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாளும் சர்க்கரைக் கட்டி அல்ல. அவருக்கும் வாய் உண்டு. "பொம்பளைப் பிள்ளை இத்தனை மணிக்கா எழுந்திருப்பே?" என்று கேட்டு இவளை இரண்டு தடவை அழவைத்திருக்கிறார். இவளும் சும்மா இல்லை, அவருக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அலமாரிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டேன் என்று சிரிக்கிறாள். இட்லிக் கடை முடிந்து பத்தரை மணிக்கு அவர் வந்ததும் குழந்தை அவர் வீட்டுக்குத் தவழ்ந்து போய்விடுவான். மதியச் சமையல் முடியும்வரை அங்கேதான். போன் அரிசி டிரம்மின்மேல் தூங்குகிறது. முழுக்க விட்டுவிட்டாள் என்று சொல்லமாட்டேன். சோறு ஊட்டும்போது இன்னும் சில நாள் பாட்டு ஓடுகிறதாம், நானே கேட்டேன்.

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழாவுக்கு எல்லோருமாகப் போனோம். சுற்றுவட்டார ஊர்களின் சுவாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, மணல் முழுக்க ஜனம். பலூன்காரன், சுண்டல், ராட்டினம். அந்த இரைச்சலில் அண்ணன் மகள் என் காதருகே வந்து கொஞ்சம் வருத்தமாகச் சொன்னாள்: "பாருங்க அத்தை, பதினேழு மாசம் ஆகுது. காதுல குறை இல்லைன்னு டாக்டர் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டார். என்னை அம்மான்னு இன்னும் தெளிவாக் கூப்பிடலை. அவங்களைப் பார்த்து மட்டும் 'ஆயா, ஆயா'ங்கிறான்!"

அந்த அம்மாள் காதில் அது விழவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பலூன்காரனிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.